திருத்தம் எழுதாத கை

யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே "யாரு?" என்றார் அவர். திங்கட்கிழமை காலை பதினோரு மணி. அறையில் அவரைத் தவிர ஆளில்லை. ஏசி தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை இரும்பு அலமாரி, அதில் மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் மூக்கை அரிக்கும் ஃபார்மலின் திரவத்தில் மூழ்கி யாரோ ஒருவருடைய உடம்பின் ஒரு துண்டு. அறிக்கை அனுப்பிய பிறகும் ஒரு மாதம் அவற்றை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சத்தம் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தால் வருமே, ஒரு குழந்தை தடுக்கி விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் வாயிலிருந்து தன்னையறியாமல் வருமே, அந்த 'ச்சு'. கொஞ்சம் ஈரமாக, கொஞ்சம் இரக்கத்தோடு.

ஏதோ ஒரு மூடி சரியாக இறுகவில்லை, காற்று வெளியேறியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டு மறுபடி குனிந்தார். எந்த விஷயத்தையும் முதல் பார்வையிலேயே முடிவு கட்டிவிடுவது அவருடைய வழக்கம்.

லேபில் அவருக்கு 'ஃபைனல்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அது அவருக்குத் தெரியும் என்பதும், தெரிந்து உள்ளூர மகிழ்கிறார் என்பதும் லேபில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் சதைத் துணுக்கைப் பார்த்து, இது புற்றுநோய், இது இல்லை என்று சொல்வது அவர் தொழில். முப்பத்தோரு வருடமாகச் சொல்கிறார். அவர் கையெழுத்து விழுந்த பிறகுதான் அறுவை டாக்டர்கள் கத்தியை எடுப்பார்கள். பயிற்சிக்கு வரும் இளசுகள் அவர் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுண்டு. "பதினோரு செகண்ட் சார்!" என்று ஒருத்தி ஒருமுறை கூவிவிட்டாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் அன்று முழுக்க உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

பழுப்பு அட்டை போட்ட ஒரு திருத்தப் பதிவேடும் அங்கே உண்டு. பார்த்துச் சொன்னது தவறு என்று பின்னால் தெரிந்தால், சொன்னவரே தன் கைப்பட அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கையெழுத்து அதில் ஒரு இடத்திலும் கிடையாது. போன மாதம் மெதுவாகப் பேசும் ஒரு டாக்டர் இரண்டாவது தடவையாக அதைக் கேட்டு வந்தபோது, பயிற்சிக்கு வந்தவர்கள் முன்னால் இவர் சொன்னார்: "அடிக்கடி வர்றீங்க. பேசாம இங்கயே ஒரு நாற்காலி போட்டுடலாமா?" எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அந்த டாக்டர் வேலையை விட்டுப் போனார். களை எடுத்த திருப்தி இவருக்கு.

கதவைத் தட்டிவிட்டு மெழுகு அக்கா உள்ளே வந்தார். இருபத்திரண்டு வருடமாக அங்கே சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்து வெட்டுகிறவர். ஐம்பதை நெருங்குகிற, சத்தமில்லாமல் நடக்கிற பெண். கையில் ஒரு தட்டு, அதில் மூன்று கண்ணாடிச் சில்லுகள்.

"சார், போன வாரம் ஒரு நாக்கு பீஸ் வந்துச்சே. நம்ம ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற பொண்ணு."

"ஆமா. கேன்சர். கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு."

"அதுதான் சார்." அக்கா தட்டை மேசைமேல் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு ஒரு மணிக்குள்ள எல்லாம் வேணும்னீங்க. அவசரம். அந்தப் பொண்ணோடத வெட்டறதுக்கு முன்னாடி வெட்டினது வேற ஒருத்தரோட கேன்சர். நடுவுல தண்ணிய துடைச்சேனான்னு எனக்கே நிச்சயமில்ல. மனசு கேக்கல. அதான் அவ மெழுகு பிளாக்லருந்து புதுசா மூணு வெட்டிட்டு வந்தேன்."

மெழுகுக் கட்டியிலிருந்து சீவி எடுக்கும் துண்டு தலைமயிரை விட மெல்லியது. அதை ஒரு தட்டில் இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கும். பிறகு கண்ணாடியால் ஏந்தி எடுக்க வேண்டும். ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவே தண்ணீரின் மேற்பரப்பைக் காகிதத்தால் துடைத்தெடுப்பது கட்டாயம். இல்லாவிட்டால் முந்தினவருடைய ஒரு துணுக்கு தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருந்து, அடுத்தவருடைய கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பயம் இல்லை.

அவர் புதிய மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறாத புண், கொஞ்சம் சீழ், பழைய தழும்பு. கூர்மையான பல் ஏதோ உரசி உரசி உண்டாக்கியது. வேறொன்றும் இல்லை. பிறகு பழைய கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். புற்றுநோய்த் துணுக்கு ஓரத்தில் தனியாகக் கிடந்தது, நாக்கோடு ஒட்டாமல், நிறத்திலும் ஒரு மாற்றுக் குறைந்து, தெரியாத வீட்டுக் கல்யாணத்தில் வந்து உட்கார்ந்த ஆள் மாதிரி. முதல் வருடம் படிக்கிற பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். அன்று அவர் அதைப் பார்க்க எடுத்துக்கொண்டது ஒன்பது செகண்ட்.

"வியாழக்கிழமை காலைல ஏழு மணிக்கு ஆபரேஷன் சார்," என்றார் அக்கா. "நாக்குல முக்கால்வாசி எடுத்துடுவாங்களாம். ஒரு ஃபோன் பண்ணிட்டா போதும். தப்பு என்னோடதுன்னே எழுதிடுங்க சார், எனக்கு ஒண்ணும் இல்ல."

"பாக்கறது நான்தானே? நீ இல்லையே?"

"இல்ல சார்."

"அப்ப நான் பாத்துக்கறேன். நீ போ."

கதவு சாத்தியதும் நாலு கண்ணாடிகளையும் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போடும்போது அலமாரிப் பக்கமிருந்து மறுபடி வந்தது. ச்சு.

சாயங்காலம் ஸ்டேஷனில் அவள் குரல். தினமும் அவர் போகும் ரயில்தான், தினமும் கேட்கும் குரல்தான். எந்திரத்தில் பதிந்து வைத்தது அல்ல, அவளே உட்கார்ந்து சொல்வது. மூன்றாவது நடைமேடைக்கு வரும் வண்டி ஏழு நிமிடம் தாமதமாக வரும், சிரமத்துக்கு வருந்துகிறோம். அந்த 'வருந்துகிறோம்' என்பதை அவள் உண்மையிலேயே வருந்துகிற மாதிரி சொல்வாள், அதனாலேயே அங்கே யாரும் வண்டி தாமதத்துக்குக் கோபப்படுவதில்லை. அன்று சில எழுத்துகளில் அவள் நாக்கு கொஞ்சம் தயங்கியது. புண் வலிக்கிறது போலிருக்கிறது. அவர் நடைமேடையின் கடைசிவரை, ஒலிபெருக்கி இல்லாத இடம்வரை நடந்துபோய் நின்றுகொண்டார்.

வீட்டில் மனைவி சூப்பும் ரொட்டியும் எடுத்து வைத்தாள். முதல் கரண்டியிலேயே ஏதோ சரியில்லை. சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. நாக்கின்மேல் வழுவழுப்பாக ஒரு படலம். பல்லால் சுரண்டினார், மெழுகு மாதிரி சுருண்டு வந்தது, விழுங்கிவிட்டார். உப்பு இல்லையா என்று கேட்க வாயெடுத்தார்.

"ஏன் உச்சுக் கொட்டறீங்க?" என்றாள் மனைவி.

"யாரு? நானா?"

"பின்ன நானா? வந்ததுலருந்து ச்சு ச்சுங்கறீங்க. சமையல் பிடிக்கலேன்னா வாய்விட்டுச் சொல்லுங்க."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். உதட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார். சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது, பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது கேட்டது. அப்போது, மூடிய வாய்க்குள்ளே, அவர் எதுவும் செய்யாமலே, நாக்கு மெல்ல எழும்பியது. மேலண்ணத்தில் ஒட்டியது. பிரிந்தது.

ச்சு.

குளியலறைக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். வெளிறிக் கிடந்தது. ஓரங்கள் விறைத்து, நடுவில் ஒரு சாம்பல் நிறம். மூச்சை வெளியே விட்டபோது அந்த நெடி, முப்பத்தோரு வருடமாக அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஃபார்மலின் நெடி, ஆனால் இப்போது அது சட்டையிலிருந்து வரவில்லை. விரலால் கிள்ளினார். வலிக்கவில்லை. முழங்கால் இரண்டும் தாமாக மடங்கின. சிறுவயதுக்குப் பிறகு அவர் மண்டியிட்டதே இல்லை. "கடவுளே," என்றார், அது 'கவுளே' என்றுதான் வந்தது. "என்னோட அகங்காரம்தான். எனக்குத் தெரியும். இத மட்டும் எடுத்துடு. காலைல முதல் வேலையா ஃபோன் பண்றேன். பதிவேட்டுல என் கையாலயே எழுதறேன். சத்தியம்."

கன்னத்தில் வழிந்த கண்ணீர் உதட்டோரத்தில் நுழைந்தது. உப்புக் கரித்தது. உப்பு! அவர் நக்கி நக்கிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் போய் ஆறிப்போன சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "பிரமாதம்" என்றார். மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை சொன்னபடியே ஃபோனைக் கையில் எடுத்தார். அறுவை டாக்டரின் எண்ணை அழுத்தப் போகும் நேரத்தில் அதே ஃபோன் அடித்தது. அவர்கள் சங்கத்தின் தலைவர். எல்லா லேபுகளிலும் நடக்கிற தவறுகளை விசாரிக்க ஒரு குழு போடுகிறார்களாம், அதற்குத் தலைமை ஏற்க வேண்டுமாம். "உங்கள விட்டா வேற யாரு இருக்கா? நாக்கு மேல பல்லப் போட்டு உங்கள ஒருத்தன் ஒரு குறை சொன்னதில்லையே," என்றார் தலைவர். வெள்ளிக்கிழமை அறிவிப்பு.

ஃபோனை வைத்துவிட்டு அவர் காப்பியை எடுத்துக் குடித்தார். வாயில் காப்பி நன்றாகவே ருசித்தது. நேற்று என்ன நடந்தது? காலையிலிருந்து வெறும் வயிறு, சர்க்கரை குறைந்திருக்கும், நாக்கு மரத்திருக்கும். படித்தவன் குளியலறையில் மண்டியிட்டு அழுவதா என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அப்புறம், புண்ணிலிருந்து எடுத்தது கடுகத்தனை துணுக்கு. அதில் இல்லை என்றால் நாக்கு முழுவதிலும் இல்லை என்று அர்த்தமா? ஆழத்தில் இருக்கலாம். நாளைக்கு வரலாம். எடுத்துவிட்டால் ஒரு விதத்தில் அவளுக்கு நல்லதுதான். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போனார், கடைசியில் அவள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிற இடம்வரை வந்துவிட்டது.

மத்தியானம் லேப் நடைகூடத்தில் அக்கா எதிர்ப்பட்டார். "ஃபோன் பண்ணிச் சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லிட்டேன்," என்றார் அவர்.

நாக்கூசாமல் என்பார்களே, அப்படி. உண்மையிலேயே நாக்கு கொஞ்சமும் கூசவில்லை. அக்கா மார்பில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார், கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. "ரெண்டு நாளா சோறு இறங்கல சார். நீங்க தெய்வம்," என்றுவிட்டுப் போனார்.

அறைக்குள் வந்து காது கொடுத்தார். அலமாரி அமைதியாக இருந்தது. அன்று முழுவதும் ஒரு சத்தமும் இல்லை. அத்தனை டப்பாக்களும் வாயை மூடிக்கொண்டு தன்னையே பார்க்கிற மாதிரி அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது, அதனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். திருப்பிய பிறகு முதுகு சில்லிட்டது. மறுபடி பழையபடி திருப்பினார்.

புதன்கிழமை காலை பயிற்சி டாக்டர்களுக்கு வகுப்பு. பன்னிரண்டு பேர். பழைய கதைகள், நடுநடுவே கேலி, எல்லாம் வழக்கம் போலப் போனது. "தப்பு பண்றவன் யாரு தெரியுமா?" என்று கேட்டு நிறுத்தினார். இந்த இடத்தில் எப்போதும் ஒரு நொடி விட்டுத்தான் பதிலைச் சொல்வார், சிரிப்பு பலமாக வரும். நொடி முடிந்தது. பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார்.

நாக்கு அசையவில்லை.

இருந்தது, பல்லுக்குப் பின்னால், கனமாக, ஈரமில்லாமல், யாரோ வாயில் வைத்துவிட்டுப் போன கட்டை மாதிரி இருந்தது. "ஆ" என்று மட்டும் வந்தது. எச்சில் வழிந்து தாடையில் இறங்குவது அவருக்கே தெரிந்தது. முன்வரிசையில் ஒரு பையன் அதையும் கேலி என்று நினைத்துச் சிரித்தான், பிறகு நிறுத்திக்கொண்டான். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

தன் அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டார். இம்முறை பேசவும் முடியவில்லை, மனசுக்குள்தான் கதறினார். என்னை அழிச்சிடாதே, அழிச்சிடாதே, நேத்து ஏமாத்திட்டேன், இந்தத் தடவை எழுதிடறேன், இப்பவே எழுதறேன், பாரு. காகிதத்தை இழுத்து எழுதினார். 'மேற்படி நோயாளியின் நாக்குத் திசுவில் புற்றுநோய் இல்லை. முன்பு நான் சொன்னது தவறு. பார்த்தவன் நான், தவறும் என்னுடையது.' கீழே கையெழுத்து. புள்ளி வைத்த அந்தக் கணத்தில் நாக்கு இளகியது. முதலில் நுனி, பிறகு ஓரம், பிறகு உள்ளே வேர்வரை சூடு பரவியது. "அம்மா," என்று சொல்லிப் பார்த்தார். தெளிவாக வந்தது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அந்த நிமிடத்தில் அவர் மனசார வருந்தினார். அதில் பொய் இல்லை.

தாழைத் திறந்ததும் வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அதுவரை அவர் பார்த்ததில்லை, ஆனால் "வணக்கம் சார்" என்றதுமே தெரிந்துவிட்டது. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும், கையில் ஒரு துணிப்பை. பக்கத்தில் இரண்டு பயிற்சி டாக்டர்கள், வகுப்பிலிருந்து பாதியில் போனவருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர்கள்.

"அறிக்கையோட நகல் வாங்க வந்தேன் சார். சாயங்காலம் அட்மிஷன்," என்றாள். பேசும்போது புண் உரசாமல் இருக்க வாயை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். "எனக்கு மூணு வயசுல ஒரு பொண்ணு. மூணு நாளா அவளுக்குக் கதை சொல்லி ஃபோன்ல பதிவு பண்ணிட்டு இருக்கேன். இன்னும் நாலஞ்சு பாக்கி இருக்கு." சிரிக்கப் பார்த்தாள். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க சார். நீங்க பாத்ததுல தப்பு இருக்க வாய்ப்பே இல்லையா?"

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. காகிதத்தின் முனை விரலில் பட்டது. இரண்டு பயிற்சி டாக்டர்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எச்சில் வழிந்த அந்த வாயை. இவர்கள் முன்னாலா? போயும் போயும் இன்றைக்கா? சாயங்காலம் ஃபோனில், தனியாக, அறுவை டாக்டரிடம் மட்டும் சொன்னால் போதாதா? சொல்லத்தானே போகிறேன்.

"என் கையெழுத்துக்கு மேல ஒரு கையெழுத்து கிடையாதும்மா," என்றார். கணீரென்று வந்தது. "தைரியமா போங்க."

அவள் கைகூப்பினாள். "நீங்க சொன்னா சரி சார்." பயிற்சி டாக்டர்கள் அவரை நிம்மதியோடு பார்த்தார்கள். ஃபைனல் பழையபடி ஆகிவிட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அறுவை டாக்டருக்கு ஃபோன் போட்டார். நாலு முறை அடித்தது. அவர் எடுப்பதற்குள் இவரே வைத்துவிட்டார். நாக்கைப் பல்வரிசை முழுக்க ஓட்டிப் பார்த்தார், நன்றாகத்தான் இருக்கிறது. பிரஷராக இருக்கும், வயசு அறுபது ஆகப்போகிறதே, அடுத்த வாரம் ஒரு ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். மடித்த காகிதத்தை எடுத்து இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்தார். குப்பைக்கூடையில் அது விழுந்தபோது, அலமாரியில் ஒரு டப்பா அல்ல, அத்தனை டப்பாக்களும், கூரையிலிருந்து தரைவரை, ஒரே சமயத்தில் உச்சுக் கொட்டின.

ஒரே ஒரு தடவை. அதோடு சரி.

அவர் பையைக்கூட எடுக்காமல் வெளியேறினார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் ஒரு ஆண் குரல் அறிவித்துக்கொண்டிருந்தது. கரகரத்த, பழக்கமில்லாத குரல். நடைமேடை எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்திச் சொன்னது. ஜனங்கள் சலித்துக்கொண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார்கள். ஏழு மணிக்கு ஆரம்பித்திருப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். இப்போது பாதிக்கு மேல் ஆகியிருக்கும். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்றும் நடக்கவில்லை. நாக்கு மரக்கவில்லை, மெழுகு படியவில்லை, மூச்சில் நெடி இல்லை. வழியில் வாங்கிய ஆரஞ்சுப் பழம் இத்தனை இனிப்பாக அவர் வாழ்நாளில் தின்றதில்லை. அந்த இனிப்புதான் அவரைப் பயமுறுத்தியது. யாரோ தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது நின்றுபோன மாதிரி, இனி கேட்க ஒன்றும் இல்லை என்கிற மாதிரி இருந்தது.

மதியம் ஒன்றரைக்கு டப்பா வந்தது. வெட்டி எடுத்த உறுப்பு எதுவானாலும் முதலில் பார்த்தவரிடமே வர வேண்டும், அதுவும் விதி. அக்காதான் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மேலே ஒட்டியிருந்த பெயரைப் படித்தார். பிறகு அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் அறைக்கு வந்தார்.

"சார்." முகத்தில் ரத்தம் இல்லை. "சொல்லிட்டேன்னு சொன்னீங்களே சார்."

அவர் பூட்டிய மேசை டிராயரைப் பார்த்தார்.

"அந்தக் குழந்த சார்..." அக்கா டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு, வேறு யாரோ பேசுகிற மாதிரி, "வெட்டற ரூமுக்கு வாங்க. நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன்," என்றார்.

வெட்டும் அறை சின்னது. எஃகு மேசை, தலைக்கு மேல் வெள்ளை விளக்கு, காற்றை உறிஞ்சும் மின்விசிறி. மேசைமேல் ஒரு மைக். உள்ளே ஒருவர் பார்ப்பதைச் சொல்லச் சொல்ல, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இன்னொருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்ய வேண்டும். அக்கா உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். அவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு விரல்களைத் தயாராக வைத்தார்.

அவர் கையுறை மாட்டினார். மூடியைத் திருகினார். நெடி முகத்தில் அடித்தது.

வழக்கமாக இந்நேரம் சதை சாம்பல் நிறமாகியிருக்கும். விறைத்திருக்கும்.

இது சிவப்பாக இருந்தது. இளஞ்சிவப்பு. ஈரமாக, மினுமினுப்பாக, தூங்குகிற மாதிரி அடியில் படுத்திருந்தது. ஓரத்தில் புண். கடுகத்தனை.

காலால் மைக்கின் பெடலை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. நோயாளியின் எண்ணை முதலில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

டப்பாவுக்குள் அதன் நுனி உயர்ந்தது.

அவர் வாயை மூடினார். நுனி தாழ்ந்தது. மறுபடி திறந்தார். 'நான்' என்று சொல்லப் பார்த்தார். திரவத்துக்குள் அது எழும்பி, முன்னால் நீண்டு, பல் எங்கே என்று தேடியது. பல் இல்லை. டப்பாவின் சுவரில் பட்டது. ஒட்டியது. பிரிந்தது.

கையுறைக் கையோடு விரலை வாய்க்குள் விட்டார். பல். ஈறு. கன்னத்தின் உட்புறம். கீழே வழவழவென்று ஒரு பள்ளம். தழும்பு இல்லை, ரத்தம் இல்லை. அங்கே எப்போதும் எதுவும் இருந்ததில்லை என்பது மாதிரி. விரல் தொண்டைவரை தடையில்லாமல் போயிற்று.

கடவுளே. இப்போ சொல்றேன். இப்போ நிஜமா சொல்றேன். எல்லார் முன்னாலயும். சத்தியமா. கேளு. கேளேன்.

யாரும் கேட்கவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. மின்விசிறி மட்டும்.

கண்ணாடியைத் தட்டினார். அக்கா நிமிரவில்லை. அக்காவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, ஹெட்போனில் யாரோ மெதுவாகப் பேசுவதைக் கூர்ந்து கேட்கிறவர் மாதிரி. பிறகு அக்காவின் விரல்கள் அசைந்தன. ஒரு எழுத்து. இன்னொரு எழுத்து. வேகமாக. கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய, துடைக்காமல், தட்டிக்கொண்டே போனார், உதடுகள் கூடவே முணுமுணுத்தன: முன்பு நான் சொன்னது தவறு.

அவர் பெடலிலிருந்து காலை எடுத்தார். சிவப்பு விளக்கு அணையவில்லை. வாயை இறுக மூடினார். இரண்டு கையாலும் பொத்தினார்.

டப்பாவுக்குள் அது நிறுத்தவில்லை.